சுற்றிலும் தண்ணீர், குடிக்க எது? சதுப்பு நிலத்தில் சிக்கிக்கொண்ட அனுபவம்

தாகத்தில் சிக்கித் தவிப்பது என்றாலே எல்லோருக்கும் பாலைவனம்தான் நினைவுக்கு வரும். சதுப்பு நிலத்தில் தனியாக மாட்டிக்கொண்டு திரும்பிய பிறகு எனக்கு அப்படி இல்லை. அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர்தான், ஆனால் அதில் வாயில் வைக்கக்கூடியது கொஞ்சம்தான். குடிக்கிற தண்ணீரைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்த என்னை, கடைசியில் படுக்கையில் தள்ளியது நான் கால் வைத்து நின்ற தண்ணீர். ஒரு மாதத்துக்கு மேல் வேலைக்குப் போக முடியவில்லை. சம்பளமில்லாத விடுப்பு, சேமிப்பில் பெரும்பகுதி மருத்துவச் செலவு, இன்னும் முழுதாகத் திரும்பாத உடம்பு. இவற்றில் பலதையும் நாலு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கலாம். அந்த நாலு விஷயத்தையும் எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பறவைகளைப் படம் எடுக்கப் போயிருந்தேன். ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, நாணலும் கோரையுமாகப் பரந்து கிடக்கும் இடம். மோட்டார் பொருத்திய சின்ன வாடகைப் படகு. மதியத்துக்குப் பிறகு இன்ஜின் நின்றுவிட்டது. எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. கொடுத்த முன்பணமும் திரும்பி வரவில்லை, அது தனிக்கதை. கைபேசியில் சிக்னல் இல்லை. கடல் வற்றம், அதாவது தண்ணீர் வடிவது, தொடங்கியிருந்தது. நான் இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கால்வாய்த் தண்ணீர் இறங்கிக்கொண்டே போய், படகின் அடிப்பாகம் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. பக்கத்து நாணல் தண்டுகளைப் பார்த்தேன். என் முழங்கால் உயரத்துக்கு எல்லாத் தண்டிலும் ஒரே மட்டத்தில் சாம்பல் நிறச் சேற்றுக்கோடு, அதற்குக் கீழே இன்னும் ஈரம் மினுங்கியது. தண்ணீர் எதுவரை ஏறும் என்பதை அந்த இடமே இப்படி எழுதி வைத்திருக்கும். எந்தச் சதுப்பில் கால் வைத்தாலும் முதலில் இந்தக் கோட்டைத் தேடுங்கள். படுக்கும் இடம், பொருள் வைக்கும் இடம் எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும்.

கொஞ்ச தூரத்தில் மரங்கள் நின்ற ஒரு மேடு தெரிந்தது. நடந்து போய்விடலாம் என்று இறங்கினேன். சில அடிகளிலேயே தொடை வரை புதைந்தது. அந்த நொடியில் வந்த பயத்தை எழுத்தில் சொல்ல முடியவில்லை. ஒரு காலை இழுத்தால் மற்றது இன்னும் கீழே போகிறது, சேறு ஷூவைப் பிடித்து உறிஞ்சுகிறது. முழுதாக மூழ்கிச் செத்துவிடுவோம் என்றுதான் மனம் சொல்லும். ஆனால் உண்மை அப்படி இல்லை. மனித உடம்பு புதைமணலைவிட அடர்த்தி குறைந்தது; பாதிக்கு மேல் உள்ளே போகாது என்று ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் நேச்சர் இதழில் காட்டினார்கள். கடலோரச் சேற்றில் ஆளைக் கொல்வது மூழ்குவது அல்ல; சிக்கியபடியே இருக்கும்போது திரும்பி ஏறி வரும் தண்ணீரும் குளிரும்தான். அதனால் நேரம் முக்கியம், பதற்றம்தான் கூடாது. முதுகுப் பையைக் கழற்றி முன்னால் போட்டேன். பின்பக்கமாகச் சாய்ந்து, உட்காருவதுபோல எடையைப் பரப்பினேன். காலை மேலே இழுக்காமல் சின்னச் சின்னதாக அசைத்தபடி இருந்தால், காலைச் சுற்றிலும் தண்ணீர் இறங்கிச் சேறு இளகும். ஒரு கால் வந்த பிறகு மற்றது. அப்புறம் தவழ்ந்துதான் படகுக்கு வந்தேன். கூட யாராவது இருந்தாலும் உங்களைக் கையைப் பிடித்து வலுவாக இழுக்க விடாதீர்கள், மூட்டு விலகிவிடும். நாணலின் ஓரம் கத்திபோலக் கீறியதில் இரண்டு கணுக்காலும் சிராய்ப்பு. அப்போது அதை நான் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை.

சாயங்காலம் கடல் ஏற்றம் வந்து படகு மிதந்ததும் துடுப்பை ஊன்றித் தள்ளி அந்த மேட்டில் ஒதுங்கினேன். இருட்டில் எது கால்வாய், எது நாணலுக்குள் போய் முடியும் வழி என்று தெரியாது. அதனால் திரும்பிப் போக முயலவில்லை. படகை விட்டு விலகாமல் இருந்ததுதான் நான் எடுத்த நல்ல முடிவுகளில் முதலாவது. தேடி வருகிறவர்களுக்கு ஆளைவிடப் படகுதான் சீக்கிரம் கண்ணில் படும். விடிந்தால் அடுத்த ஏற்றத்தில் கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். அதுவும் நடக்கவில்லை. பௌர்ணமி கழிந்து நிலா தேயத் தொடங்கியிருந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் ஏற்றம்தான் பெரியது. அதன் பிறகு ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு ஏற்றமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பெரிய ஏற்றத்தில் மேட்டில் ஒதுங்கிய படகை அடுத்த ஏற்றம் தொடக்கூட இல்லை. கடலோரச் சதுப்புக்குப் போகிறவர்கள் நிலா எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது.

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். கையில் இருந்த பாட்டில் இரவுக்குள் தீர்ந்துவிட்டது. சதுப்புத் தண்ணீரைப் பார்த்ததும் மனம் கேட்கும் கேள்வி, "இது சுத்தமா, அழுக்கா" என்பது. அந்தக் கேள்வி எதற்கும் உதவாது. கேட்க வேண்டியது, இந்தத் தண்ணீரில் இருக்கும் கெடுதல் எந்த வகை என்பது. உப்பு, கிருமி, நஞ்சு என்று மூன்று வகை. கொதிக்க வைத்தால் தீர்வது இவற்றில் ஒன்றுதான், கிருமி. உப்பையும் நஞ்சையும் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும், மீதி எல்லாம் இதிலிருந்தே வரும்.

முதலில் உப்பு. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதை வெளியேற்றச் சிறுநீரகம் நாம் குடித்ததைவிட அதிகத் தண்ணீரைச் செலவழிக்கும், அதாவது குடிக்கக் குடிக்க உடம்பு வறளும். ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் தண்ணீர் ஒரு நேரம் போல இன்னொரு நேரம் இருக்காது. ஏற்றத்தில் உப்பு கூடும், வற்றத்தின் முடிவில் ஆற்று நீர் மேலோங்கும். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பிப் பாருங்கள். கரித்தால் விட்டுவிடுங்கள், தாகம் எவ்வளவு இருந்தாலும். என் படகைச் சுற்றி இருந்த தண்ணீர் எல்லாமே கரித்தது. மேட்டின் நடுவில், மரங்களுக்கு இடையே ஒரு குட்டை இருந்தது. ஏற்றத்தின் கோடு எட்டாத உயரம், மழை நீர் தேங்கியது. அது கரிக்கவில்லை. அந்த நிம்மதியில் அழுதுவிட்டேன். இப்படிக் குட்டை கிடைக்காவிட்டால் மேட்டின் உயரமான பகுதியில் தோண்டிப் பார்க்கலாம். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும் என்பதால் ஈரம் ஊறத் தொடங்கியதும் தோண்டுவதை நிறுத்திவிட வேண்டும். ஆழம் போனால் உப்பைத் தொடுவீர்கள். முதலில் ஊறுவதை ஒன்றிரண்டு தடவை இறைத்து ஊற்றிவிட்டுப் பிறகு ஊறுவதை எடுக்க வேண்டும்.

அடுத்தது நஞ்சு. பச்சை பெயின்ட்டைக் கொட்டியது போல மேலே படர்ந்திருக்கும் தண்ணீரைத் தொடவே கூடாது. அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நஞ்சு கொதித்தாலும் அழியாது. செல்கள் உடைந்து இன்னும் அதிகமாகத் தண்ணீரில் கலக்கும். செத்த மீன்கள் மிதக்கும் இடமும், வயல் மருந்தோ தொழிற்சாலைக் கழிவோ வந்து சேரும் வாய்க்காலும் அப்படித்தான். என் குட்டையில் ஒரு ஓரத்தில் வானவில் நிறத்தில் படலம் இருந்தது. எண்ணெய் என்று பயந்தேன். குச்சியால் கலக்கிப் பார்த்தேன். உடைந்த கண்ணாடித் துண்டுகள் மாதிரி தனித்தனியாகப் பிரிந்து நின்றது. அப்படிப் பிரிந்தால் இரும்பை உண்ணும் பாக்டீரியா உண்டாக்கும் படலம், ஆபத்தில்லாதது. சுழன்று மறுபடி ஒன்றாகச் சேர்ந்தால்தான் எண்ணெய். அதே போலத் தேநீர் நிறத் தண்ணீரைப் பார்த்து மிரள வேண்டாம். இலை தழை ஊறி இறங்கிய டேனின் என்ற துவர்ப்புப் பொருளின் நிறம் அது. நிறம் மட்டும் நஞ்சு ஆகாது. நிறமே இல்லாமல் தெளிவாக இருப்பது கிருமி இல்லை என்பதற்குச் சாட்சியும் ஆகாது.

கிருமிக்குக் கொதிக்க வைப்பதை மிஞ்சிய வழி இல்லை. மண்டியை அடிப்பகுதியில் படியவிட்டு, மேல் தண்ணீரை மடித்த துணியில் வடிகட்டி, கொப்பளித்துக் கொதிக்கத் தொடங்கியதும் 1 நிமிடம் வைத்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடமென்றால் 3 நிமிடம். என்னிடம் லைட்டரும் ஒற்றைச் சுவர் எஃகு பாட்டிலும் இருந்தன. மூடியைக் கழற்றிவிட்டு நெருப்பில் நேரடியாக வைத்தேன். சூடு காக்கும் இரட்டைச் சுவர் பாட்டிலை ஒருபோதும் நெருப்பில் வைக்காதீர்கள், வெடிக்கும். சதுப்பில் தரையில் கிடக்கும் எந்தக் கட்டையும் எரியாது. மரத்திலேயே காய்ந்து நிற்கும் கிளைகள், ஒடித்தால் சடக்கென்று முறியும் சுள்ளிகள், இவைதான் பற்றும். ஈரத் தரையில் நெருப்பு நிற்காது என்பதால் அடியில் கட்டைகளைப் படுக்கப் போட்டு அதன் மேல் மூட்டினேன். ஒரு பாட்டில் தண்ணீருக்கு நான் அலைந்த அலைச்சலில் வேர்த்துப் போன தண்ணீரே அதிகம் என்று தோன்றியது. அதனால் வெயில் தாழ்ந்த பிறகு இந்த வேலையை வைத்துக்கொள்வது நல்லது.

லைட்டரே இல்லை என்றால்? சிறிய வடிகட்டி ஒன்று பையில் இருந்தால் பாக்டீரியாவையும் பெரிய ஒட்டுண்ணிகளையும் பிடிக்கும். ஆனால் கையடக்க வடிகட்டிகளில் பெரும்பாலானவை வைரஸைப் பிடிக்காது. சாதாரண க்ளோரின், அயோடின் மாத்திரைகள் பாக்டீரியாவையும் வைரஸையும் கொல்லும், கிரிப்டோஸ்போரிடியம் என்ற, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒட்டுண்ணியைக் கொல்லாது. க்ளோரின் டையாக்சைடு மாத்திரை அதையும் கொல்லும், ஆனால் 4 மணி நேரம் காத்திருக்க வேண்டும். வடிகட்டி, பிறகு மாத்திரை என்று இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் முறை. கலங்கிய தண்ணீரில் மாத்திரையின் வீரியம் குறையும். எதுவுமே இல்லாவிட்டால், நிறமில்லாத பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த தண்ணீரை நிரப்பி நல்ல வெயிலில் 6 மணி நேரம் படுக்க வைக்கலாம். மேகமூட்டம் என்றால் இரண்டு நாள். 2 லிட்டருக்கு மேற்பட்ட பாட்டில் வேண்டாம். நான் திரும்பி வந்ததும் வாங்கிய முதல் பொருள் இந்த மாத்திரைப் பட்டைதான். உள்ளங்கையில் மறைந்துவிடும், எடையே இல்லை. அது அன்று பையில் இருந்திருந்தால் அடுத்து வருவதில் பாதி நடந்திருக்காது.

மறுநாள் வெயில் கடுமையாக இருந்தது. காய்ந்த சுள்ளிகள் தீர்ந்துவிட்டன. எட்ட இருந்தவற்றுக்காகச் சேற்றில் இறங்கத் துணிவு இல்லை. மதியத்துக்குள் தலைவலி, நாக்கு அண்ணத்தில் ஒட்டியது, சிறுநீர் கரும் மஞ்சளாகக் கொஞ்சமாக வந்தது. படகின் கயிற்றை அவிழ்க்கப் போய் எதற்கு வந்தேன் என்று மறந்து நின்றேன். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. தண்ணீர் குறைந்தால் முதலில் போவது புத்தி. அப்போது நிதானமாக யோசித்தேன். கிருமி படுக்கையில் தள்ள நாட்கள் ஆகும், மருந்து உண்டு. வறட்சி நாளைக்கே என்னைத் தவறான இடத்தில் கால் வைக்க வைக்கும். துணியில் வடிகட்டி, குட்டைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமலே குடித்தேன். இன்றும் அது சரியான முடிவு என்றே நம்புகிறேன். உப்பும் நஞ்சும் இல்லை என்று தெரிந்த தண்ணீர், சுத்திகரிக்க வேறு வழியே இல்லை, உடம்பு தளரத் தொடங்கிவிட்டது என்ற நிலையில் குடித்துவிடுங்கள். பாட்டிலில் தண்ணீரை மிச்சம் வைத்துக்கொண்டு மயங்கி விழுவதில் அர்த்தமில்லை.

அன்று இரவு மழை வந்தது. ரெயின்கோட்டை நான்கு கிளைகளில் கட்டி, நடுவில் தொங்கவிட்டு, அடியில் பாட்டிலை வைத்தேன். முதல் சில நிமிடத் தண்ணீர் துணியைக் கழுவ விட்டுவிட்டு, பிறகு வந்ததைப் பிடித்தேன். சதுப்பு நிலத்தில் கிடைக்கும் தண்ணீரில் மழைக்கு ஈடாக எதுவும் இல்லை. வானம் கறுத்ததும் மற்ற எல்லா வேலையையும் விட்டுவிட்டு, விரிக்க முடிந்த எல்லாவற்றையும் விரித்துவிடுங்கள். ஆனால் அந்த மழை என்னை நனைத்தும்விட்டது. வெப்பமான ஊர்தானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். பல் கிட்டிப்போனது. ஈர உடையைப் பிழிந்து போட்டு, கோரையை அடுக்கி அதன் மேல் உட்கார்ந்து, படகின் தார்ப்பாய்க்குள் சுருண்டுகொண்டேன். கால்களும் அப்படியே. நாள் முழுக்க ஈர ஷூவுக்குள் இருந்து பாதம் வெளுத்துச் சுருங்கி மரத்திருந்தது. தினமும் சில மணி நேரமாவது ஷூவைக் கழற்றிக் காலைக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் தோல் பிய்ந்து புண்ணாகிவிடும். கொசுவுக்கு முழுக்கைச் சட்டையும் புகையும்தான் துணை. அட்டை கடித்தால் உப்போ நெருப்போ வைக்காமல், நகத்தால் அதன் வாய்ப்பக்கம் நெம்பி எடுங்கள். முதலை இருக்கக்கூடிய இடமென்றால் தண்ணீர் ஓரத்தில் படுக்காதீர்கள், தினமும் ஒரே இடத்தில் போய்த் தண்ணீர் எடுக்காதீர்கள். அவை காத்திருந்து பழக்கத்தைக் கவனிக்கும் விலங்குகள்.

மழைக்குப் பிறகான காலையில் ஒரு படகுச் சத்தம் கேட்டது. கத்தினால் நாணலில் குரல் அமுங்கிவிடும். என் பையின் பட்டையிலேயே ஒரு விசில் இருந்தது. மூன்று முறை ஊதி, இடைவெளி விட்டு, மறுபடி மூன்று. மூன்று என்பது பல இடங்களிலும் ஆபத்துக்கான அடையாளம். ஆரஞ்சு நிறத் தார்ப்பாயை மரத்தில் கட்டியிருந்தேன். மீன் பிடிக்க வந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் திரும்பினார்கள். கடைசி வரை அவர்கள் என்னிடம் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வயிற்றுப்போக்கு. அதை எதிர்பார்த்தேன். 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரைத்துக் குடித்துக்கொண்டே இருந்ததில் சரியாகிவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் அடித்தது. கெண்டைக்காலைத் தொடவே முடியாத வலி, கண்கள் சிவந்திருந்தன. முதலில் போன இடத்தில் சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது, நானும் நம்பினேன். சில நாளில் திரும்ப வந்தது, இந்த முறை கண் மஞ்சளாகியிருந்தது. வேறொரு மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "சமீபத்தில் தேங்கின தண்ணியில நின்னீங்களா?" என்பதுதான். எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்ற கிருமி எலி, மாடு, பன்றி, நாய் போன்றவற்றின் சிறுநீரில் வரும். கீறல் வழியாகவும் ஊறிய தோல் வழியாகவும் உள்ளே போகும். நான் மகிழ்ந்து அழுத அந்தக் குட்டையின் ஓரம் முழுக்கக் குளம்புத் தடங்கள் இருந்தன. தண்ணீர் மொள்ள, கீறிய கணுக்காலோடு அதற்குள் இறங்கி நின்றிருக்கிறேன். பாட்டிலைக் கயிற்றில் கட்டி வீசி எடுத்திருக்கலாம், கீறலை நல்ல தண்ணீரில் கழுவி மூடிக் கட்டியிருக்கலாம். இதைத்தான் யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

இந்தக் காய்ச்சல் தலைகாட்ட 2 முதல் 30 நாள் வரை ஆகலாம் என்பதால், பலருக்குச் சதுப்புக்குப் போனதே அப்போது நினைவில் இருக்காது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கிலேயே குணமாகும். விட்டால் சிறுநீரகத்தையும் ஈரலையும் பிடிக்கும். எனக்குச் சிறுநீரகம் வரை போய்விட்டது. திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் எதுவாக இருந்தாலும், எந்தத் தேதியில் எந்த மாதிரித் தண்ணீரில் நின்றீர்கள், கொதிக்காத தண்ணீர் குடித்தீர்களா, உடம்பில் எங்கே கீறல் இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் மருத்துவர் கையில் கொடுங்கள். அவர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள்.